கண்ணாடி போட்டால் பவர் கூடிக்கொண்டே போகுமா?

"மிஸ், இப்பவே கண்ணாடி போட்டா கண்ணு அதுக்கே பழகிப் போயிருமே. அப்புறம் கழட்டவே முடியாதாமே?"

இலங்கை மலையகத்து ஹட்டனில் கண் பரிசோதிக்கும் வேலையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு, டவுனுக்குச் சாமான் வாங்க வரும் குடும்பங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். கண்ணாடி தேவை என்று சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிடும். அந்தப் பயத்தில் கண்ணாடியைத் தள்ளிப்போட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பவர் கூடுவது உண்மை. ஆனால் அதற்குக் கண்ணாடி காரணம் இல்லை. பிள்ளை வளரும்போது கண் விழியும் வளர்கிறது. குறும்பார்வை உள்ள பிள்ளைக்கு விழி தேவைக்கு மேல் நீண்டுவிடுவதால், தூரத்தில் இருப்பவை கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து மங்கலாகத் தெரிகின்றன. அதைச் சரியான இடத்தில் விழவைப்பதுதான் கண்ணாடியின் வேலை. போட்டாலும் போடாவிட்டாலும் விழி வளரத்தான் செய்யும். "கொஞ்சம் பவர் குறைச்சுக் குடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. அதனால் பவர் ஏறுவது நிற்காது. பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் போவதுதான் மிச்சம்.

மைனஸ் 2 பவர் உள்ள பிள்ளைக்குக் கண்ணாடி இல்லாமல் அரை மீற்றர் வரைதான் தெளிவு. அதற்கு அப்பால் எல்லாமே கலங்கல். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு சிறுமியை அவள் அப்பா கூட்டி வந்திருந்தார். சோதனைக் கண்ணாடியைப் போட்டுவிட்டதும் வாசல் பக்கம் திரும்பி, எதிரே நின்ற பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள்: தலவாக்கலை. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பஸ் கிட்ட வந்த பொறகுதான் கை காட்டும் மிஸ். கவனமில்லாத புள்ளைன்னு ஏசிக்கிட்டே இருந்தேன்" என்றார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று அந்தப் பிள்ளையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எப்படி வீட்டில் சொல்வாள்?

ஆகவே பிள்ளை சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டிவிக்கு முன்னால் போய் நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது, இதெல்லாம் கண் காட்ட வேண்டிய அறிகுறிகள். பாடசாலையில் வைத்தியப் பரிசோதனை நடந்து, கண்ணைக் காட்டச் சொல்லித் துண்டு கொடுத்தால், தயவுசெய்து அதைப் புத்தகப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். போனைக் குறைத்து, பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணித்தியாலம் அளவில் விளையாட விட்டால் குறும்பார்வை வருவது ஓரளவு தள்ளிப்போகும். மழை விடாமல் பெய்யும் மாதங்களில் எங்கள் பக்கம் அது கஷ்டம்தான். வெயில் எட்டிப் பார்க்கும் நாளிலாவது வெளியே விடுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு கண் நன்றாகத் தெரிந்து மற்றது தெரியாமல் இருந்தால், யாருக்குமே தெரியவராது. பிள்ளை ஓடும், விளையாடும், எழுதும். மூளை நல்ல கண்ணை மட்டுமே நம்பி, மற்றதிலிருந்து வருவதை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, தேவைப்பட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, பலவீனமான கண்ணைப் பழக்கி எடுக்கலாம். வயது ஏற ஏற அது கடினம். பதினைந்து வயதில் வரும் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணால் கீழ் வரிகளை வாசிக்க முடியாமல் போகலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் நாட்காட்டியை மாட்டி, பிள்ளையை மூன்று மீற்றர் தள்ளி நிற்க வையுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி இலக்கங்களை வாசிக்க விடுங்கள். அப்புறம் மற்றக் கண். விரலால் மூடினால் இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பார்கள், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் உடனே கூட்டி வாருங்கள். வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளை, ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருந்து மற்றதை மூடும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால், அதுவும் ஓர் அறிகுறி. மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் பிள்ளையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், ஒரு கிழமைகூடத் தாமதிக்காமல் கண் வைத்திய நிபுணரிடம் போங்கள். கண்ணுக்குள் கட்டி இருந்தாலும் அப்படித் தெரியும்.

கரட் சாப்பிட்டால் கண்ணாடி போகுமா என்றும் கேட்பார்கள். நுவரெலியாக் கரட் நல்ல சாப்பாடு. விற்றமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு உதவும். நீண்டுபோன விழியை அது குறுக்காது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது வேறு. தேயிலைக் கொழுந்தின் நிறை எழுதிய துண்டை எட்டப் பிடித்துப் பார்ப்பார்கள், ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுவார்கள். இது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போவதால் வருகிறது, நோய் இல்லை. நடைபாதைக் கடையில் விற்கும் கண்ணாடி கூடாதா என்றால், இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு பவர் தேவைப்படுகிறவருக்கு வாசிக்க மட்டும் அது போதும். கண் கெட்டுவிடாது. ஆனால் பாட்டியின் 2.50 கண்ணாடியையே நாற்பத்திரண்டு வயது மருமகளும் மாற்றி மாற்றிப் போட்டால் தலைவலிதான் வரும், அவருக்கு 1.00 போதுமாக இருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட வேண்டும். வாசிக்க முடியாததற்கு வெள்ளெழுத்துதான் காரணமா, கண்புரையா, கண் அழுத்தமா என்று நடைபாதைக் கண்ணாடி சொல்லாது.

கிட்டவும் எட்டவும் சேர்ந்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒன்று. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, இறங்கும் படிகளைக் கிட்டப் பார்க்கும் கீழ்ப் பகுதியால் பார்த்தால் படி மங்கலாகத் தெரியும், கால் தவறும். நாடியைத் தாழ்த்தி மேல் பகுதியால் பார்த்து இறங்கப் பழகுங்கள். மழையில் நனைந்த படி என்றால் இன்னும் கவனம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள், இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும் நேரத்தில் கண்ணாடி செய்யக் கொடுக்காதீர்கள். பவரும் அதோடு சேர்ந்து மாறும். சீனி சில கிழமைகள் ஒரு நிலையில் நின்ற பிறகு பார்த்தால் காசு வீணாகாது. பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். அங்கே இரத்தக் கசிவு தொடங்கும்போது ஒன்றுமே தெரியாது. தெரிய வரும்போது பாதி போயிருக்கும்.

இனிக் கொண்டாக்ட் லென்ஸ். மூடுபனியிலும் தூறலிலும் கண்ணாடியில் ஆவி படிந்து, துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஒழுங்காகப் பாவிப்பவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். பயம் தண்ணீரைப் பற்றியது. எங்கள் பக்கம் பீலித் தண்ணீர், அதாவது ஊற்றிலிருந்து வந்து விழும் தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், குடிக்கவும் செய்கிறோம். ஆனால் ஊற்று, குழாய், தாங்கி என்று எந்தத் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது. லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் இறங்கினால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டி வரும். பார்வையே போனவர்களும் உண்டு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம். அதற்கென்று விற்கும் திரவம் மட்டும்தான். பெட்டியில் கிடக்கும் பழைய திரவத்தோடு புதியதைச் சேர்க்காமல் முழுவதையும் ஊற்றிவிட்டு மாற்றுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிட வேண்டும்.

கல்யாணத்துக்கென்று ஃபேன்சிக் கடையில் கலர் லென்ஸ் வாங்கி, தங்கையும் தோழியும் மாறி மாறிப் போட்டுப் பார்ப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பவர் இல்லாத லென்ஸ் என்றாலும் கண்ணில் ஒட்டி உட்காருவது அதே லென்ஸ்தான். அளவு பார்க்காமல் போடக் கூடாது, ஒருவர் போட்டதை மற்றவர் தொடவே கூடாது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் உடனே கழற்றிவிட்டு, அதையும் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

கவ்வாத்து வெட்டும்போது சிம்பு தெறித்தோ, கொழுந்து எடுக்கும்போது செடியின் நுனி குத்தியோ கண் சிவந்தால் தாய்ப்பாலும் வேண்டாம், நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம். செடியால் பட்ட காயத்தில் பூஞ்சணம் புகுந்துவிடும். முன்பு யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்தை வீட்டில் தேடி எடுத்து விடுவது அதைவிட ஆபத்து. அதில் ஸ்டீரொயிட் இருந்தால் சிவப்பு குறைந்த மாதிரித் தெரியும், உள்ளே புண் பெருகும். அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மரக்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது கண்ணில் பட்டால் மட்டும் யோசிக்காமல் பீலிக்கு ஓடுங்கள். இமையை விரித்துப் பிடித்து இருபது நிமிடமாவது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வைத்தியசாலை. மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.

கண் காட்ட வரும்போது பழைய கண்ணாடியைக் கொண்டு வாருங்கள், உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய பவரை அதில் அளந்து பார்க்கலாம். கிளினிக் கொப்பியும் குடிக்கிற மாத்திரைகளும் வேண்டும். லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடியோடு வந்தால் நல்லது. பிள்ளைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால், வாய்ப்பிருந்தால் அதே நாளில் அம்மாவும் அப்பாவும் அந்தக் கதிரையில் உட்கார்ந்து காட்டிவிட்டுப் போங்கள். மற்றொரு ஞாயிறு பஸ் காசு மிச்சமாகும்.