காப்பர்: ஒரு தீவின் பெயர்

எலக்ட்ரிக்கல் கடையில் ‘காப்பர் வயர்’ கேட்பவர், தெரியாமலே ஒரு நாட்டின் பெயரைச் சொல்கிறார். மத்தியதரைக் கடலின் கிழக்கே, துருக்கிக்குத் தெற்கில் உள்ள 9,251 சதுர கிலோமீட்டர் தீவான சைப்ரஸ்தான் அந்த நாடு.

ரோமானியர்கள் செம்பையும் அதன் கலவைகளையும் ‘ஏஸ்’ என்று பொதுவாக அழைத்தார்கள். சைப்ரஸ் சரக்குக்கு ‘ஏஸ் கிப்ரியம்’ என்று பெயர். நாளடைவில் முன்சொல் உதிர்ந்தது. பின்சொல் ‘குப்ரம்’ என்று மருவியது. ஆங்கிலத்தின் காப்பர், ஜெர்மானியத்தின் குப்ஃபர், ஸ்பானியத்தின் கோப்ரே எல்லாம் இதன் வழி வந்தவை. வேதியியலில் இதன் குறியீடு சி, யு என்ற இரண்டு எழுத்துகளாக இருப்பதும் இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், சைப்ரஸில் பேசும் கிரேக்க மொழியில் செம்புக்குத் தீவின் பெயர் இல்லை. அங்கே அது ‘கால்கோஸ்’.

தீவுக்கு இந்த வளம் கடலடியிலிருந்து வந்தது. ட்ரூடோஸ் மலை ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. அங்கே வெந்நீர் ஊற்றுகள் செம்புத் தாதுவைப் படியவைத்தன. பிறகு கண்டத் தட்டுகள் மோதியதில் அந்தத் தரை அப்படியே மேலெழுந்தது. மலையடிவாரத்துச் சுரங்கம் ஒன்றின் பெயர் ஸ்கூரியோட்டிஸா. ‘ஸ்கூரியா’ என்றால் செம்பை உருக்கியபின் கொட்டும் கசடு. அங்குள்ள மாதா கோயிலுக்கும் அதே பெயர்! துருக்கியின் உலுபுருன் முனை அருகே, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூழ்கிய ஒரு கப்பலில் சுமார் 10 டன் செம்பு கிடைத்தது. ஆய்வில் அது சைப்ரஸ் செம்பு என்று தெரிந்தது. 1960இல் விடுதலை பெற்றபோது, தீவின் வரைபடத்தைச் செம்பு நிறத்தில் தீட்டித் தேசியக் கொடியில் வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் இதற்குச் செம்பு என்று பெயர். செம்மை நிறத்தால் வந்த சொல். தாமிரம் வடமொழி ‘தாம்ர’த்திலிருந்து வந்தது, பாடநூல்களில் புழங்குகிறது, தவறில்லை. ஆனாலும் எனக்குச் செம்பே மேல். நிறத்தைச் சொல்லிலேயே காட்டிவிடுகிறது. பாத்திரத்துக்கும் அந்தப் பெயரே தங்கிவிட்டது. எவர்சில்வரில் செய்தாலும் அது செம்புதான், பேச்சில் சொம்பு.

தாமிரத்துக்கும் ஒரு தீவுக் கதை உண்டு. இலங்கைக்குப் பழம்பெயர் தம்பபண்ணி (பாலி மொழியில் ‘தம்ப’ என்றால் தாமிரம்); கிரேக்கர் அதைத் தாப்ரபேன் என்றார்கள். அங்கே வந்திறங்கிய இளவரசன் விஜயனின் ஆட்களுடைய கைகள் அந்த மண் பட்டுச் செம்பு நிறமானதால் வந்த பெயர் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். சைப்ரஸில் தீவின் பெயர் உலோகத்துக்குப் போனது. இங்கே உலோகத்தின் பெயர் தீவுக்கு வந்தது.

வேறு சொல்லோடு சேரும்போது செம்பு பெரும்பாலும் ‘செப்பு’ ஆகும், இரும்பு ‘இருப்புப்பாதை’ ஆனதுபோல: செப்பேடு, செப்புக்காசு, செப்புத் திருமேனி. எனவே காப்பர் வயரைச் செப்புக்கம்பி என்பதே பொருத்தம். காப்பர் சல்பேட்டுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. சுண்ணாம்போடு சேர்த்துப் போர்டோக் கலவை என்ற பூஞ்சை மருந்து தயாரிக்கும் விவசாயிகளுக்கு அது மயில்துத்தம்.