கனகாம்பரம் தீர்ந்தால் கை நிற்கும்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் காலையில் மொட்டாக வாங்கிய மல்லிகை அந்தியில் விரியும்போது எழும் மணத்தில் இண்டோல் என்ற வேதிப்பொருளும் கலந்திருக்கிறது. நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியா, டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் கடைசிக் கட்டத்தில் உருவாவதும் இதே இண்டோல்தான். அதனுடன் செரின் என்ற இன்னோர் அமினோ அமிலம் சேர்ந்தால் டிரிப்டோஃபான் தயார்.

புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில், செய்வதற்கு மிக அதிக ஆற்றல் பிடிப்பது இதுதான். சுற்றிலும் அது கிடைக்கும் வேளையில் பாக்டீரியா ஏன் பாடுபட வேண்டும்? அதற்கான ஐந்து மரபணுக்களும் வரிசையாக அமைந்து, ஒரே இடத்தில் பூட்டப்படுகின்றன. டிரிப்டோஃபான் மிகுந்தால் அதுவே ஓர் அடக்கிப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, மரபணுக்களை ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கும் படியெடுப்பைத் தொடங்கவிடாது.

என்னை அசர வைப்பது இரண்டாவது பூட்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் யானோஃப்ஸ்கியின் ஆய்வகம் 1970களில் இதைக் கண்டறிந்தது. அடக்கிப் புரதம் வேலை செய்யாத பாக்டீரியாவிலும், மரபணுக்களுக்கு முன்னால் உள்ள சிறு பகுதியில் ஒரு துண்டை நீக்கியதும் உற்பத்தி மேலும் ஏறியது. அப்படியானால் அந்தத் துண்டும் எதையோ தடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

அந்தப் பகுதியில் 14 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குட்டிப் புரதத்துக்கான குறிப்பு இருக்கிறது. அதில் 10, 11ஆம் இடங்கள் இரண்டும் டிரிப்டோஃபான். புரதங்களில் பொதுவாக அரிதாகவே வரும் ஒன்று, இங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது.

சித்திரை வீதியில் கதம்பம் தொடுப்பவரைப் பாருங்கள். கனகாம்பரம் எவ்வளவு மீதம் என்று அவர் எண்ணுவதில்லை. அதை வைக்க வேண்டிய இடம் வந்து, விரல்கள் கூடையைத் துழாவி, பூ அகப்படாதபோது கை தானே நின்றுவிடுகிறது. ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் தொடுக்கும் ரைபோசோமும் அப்படித்தான். பாக்டீரியாவில் உட்கரு கிடையாது; ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போதே ரைபோசோம் அதில் ஏறிப் பின்னாலேயே படித்துக்கொண்டு வருகிறது. டிரிப்டோஃபான் தாராளமாக இருந்தால் ரைபோசோம் அந்த இரட்டை இடத்தைத் தடையின்றிக் கடந்துவிடும். அடுத்துள்ள ஆர்.என்.ஏ. இழை கொண்டை ஊசிபோல மடங்கி, படியெடுக்கும் நொதியைக் கழற்றிவிடும். பஞ்சமென்றால் அந்த இரட்டை இடத்திலேயே ரைபோசோம் தங்கிவிடும். அப்போது இழை வேறுவிதமாக மடங்குவதால் நிறுத்தும் ஊசி உருவாவதில்லை; நொதி ஐந்து மரபணுக்களையும் படியெடுத்துக்கொண்டே போகிறது.

முதல் பூட்டு உற்பத்தியைச் சுமார் 70 மடங்கு குறைக்கும்; இரண்டாவது, அதற்கும் மேல் சுமார் 10 மடங்கு. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் மரபணுக்களுக்கு இந்தப் பாக்டீரியாவில் தனி அடக்கிப் புரதம் கிடையாது; இரண்டாவது வகைப் பூட்டுதான். அவற்றின் முன்னால் உள்ள குட்டிப் புரதத்தில் ஹிஸ்டிடின் அடுத்தடுத்து ஏழு முறை வருகிறது.