மில்லிமீட்டரை நம்பி சிலிண்டரைக் கெடுக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக்கின் சிலிண்டர் பட்டறைக்கு வந்தது. புகை வெளியேறும் ஓட்டையான எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை இஷ்டத்துக்கு ராவியிருக்கிறார்கள். “இரண்டு மில்லி ஏற்றினோம், இப்போது மேடு ஏற மறுக்கிறது” என்கிறார் வண்டிக்காரர். போர்ட் முன்பு எத்தனை டிகிரியில் திறந்தது, இப்போது எத்தனை? தெரியாது. 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அசல் சிலிண்டர் குதிரைக்கொம்பு. ராவிய உலோகத்தை யாராலும் திருப்பி ஒட்ட முடியாது.

“விளிம்பிலிருந்து இத்தனை மில்லி” என்று யாரோ சொன்ன கணக்கு போர்ட் டைமிங் (பிஸ்டன் போர்ட்டைத் திறந்து மூடும் நேரம்) ஆகாது. எஞ்சினுக்குத் தெரிந்தது, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டு திரும்பும் கோணம் மட்டுமே. டாப்பில், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, அதன் விளிம்பு சிலிண்டர் விளிம்போடு சமமாக நிற்கிறது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து 28 மி.மீ. கீழே எக்ஸாஸ்ட் இருந்தால், 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அது கிட்டத்தட்ட 90 டிகிரியில் திறக்கும். 54 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 84 டிகிரியிலேயே திறந்துவிடும். திறந்து மூடும் மொத்தக் கணக்கில் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம்! வெர்னியர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அடுத்தவர் வண்டியின் மில்லிக் கணக்கை உங்கள் சிலிண்டரில் வெட்டுவது, அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பதைப் போன்றது.

“ராவ வேண்டாம், சிலிண்டருக்கு அடியில் தடித்த பேக்கிங் தகடு போட்டால் போதும்” என்பது இன்னொரு வைத்தியம். அதே 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அரை மில்லி தூக்கினால், 90 டிகிரியில் திறக்கும் எக்ஸாஸ்ட்டுக்கு மொத்தம் 2.3 டிகிரி கூடும். 120 டிகிரியில் திறக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்கோ (பெட்ரோல் கலவை உள்ளே வரும் ஓட்டை) 3 டிகிரி கூடும். கீழே போகப் போக பிஸ்டன் வேகம் குறைகிறதே, அதனால்தான். விளைவு, இரண்டுக்கும் நடுவில் புகை வெளியேறக் கிடைக்கும் அவகாசம் கூடாமல் குறைகிறது. கம்ப்ரஷனும் இறங்குகிறது.

அளப்பது அப்படியொன்றும் பிரம்மவித்தை அல்ல. கிராங்க் முனையில் மாட்ட ஒரு டிகிரி தட்டு, ஆடாத கம்பி முள், பிஸ்டனைத் தடுத்து நிறுத்த ஒரு ஸ்டாப்பர் போதும். டாப்பைக் கண்ணால் பிடிக்காதீர்கள். உச்சியிலிருந்து 3 டிகிரி தள்ளியிருந்தாலும் பிஸ்டன் 0.05 மி.மீ. கூட இறங்கியிருக்காது, எந்தக் கண்ணுக்குத் தெரியும்? சிலிண்டர் மேல் குறுக்கே ஒரு பட்டையை இறுக்கி, அதில் போல்ட் ஒன்றை இறக்குங்கள். கிராங்கைக் கையால் மெதுவாக இருபக்கமும் திருப்பி, முட்டும் இடங்களைக் குறியுங்கள். நடுப்புள்ளிதான் டாப். கிக்கரை மிதித்துத் திருப்பினால் பிஸ்டனில் பள்ளம் விழும், சொல்லிவிட்டேன்.

போடப்போகும் அதே பேக்கிங்கை வைத்து, நட்டுகளை முழுதாக இறுக்கிய பிறகே அளக்க வேண்டும். ஹெட் இல்லாததால் ஸ்டட்டுகளில் குழாய்த்துண்டு செருகிக்கொள்ளுங்கள். மெல்லிய ஃபீலர் தகடு பிஸ்டனுக்கும் போர்ட் மேல்விளிம்புக்கும் இடையே கவ்விப்பிடிக்கும் இடம்தான் கணக்கு. டாப்பிலிருந்து திறப்பு வரையிலும், மூடியதிலிருந்து டாப் வரையிலும் ஒரே டிகிரி வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் டாப்பில் வைத்த பூஜ்யம் தப்பு, மறுபடி வையுங்கள். (வெஸ்பா வகை ஸ்கூட்டரின் இன்லெட்டில் இந்தச் சமன் வராது. அங்கே திறந்து மூடுவது பிஸ்டன் அல்ல, கிராங்க்.)

இடது, வலது டிரான்ஸ்ஃபர்களைத் தனித்தனியே அளந்து எழுதிவையுங்கள். ராவியே தீருவேன் என்றால் அரை மில்லிக்கு ஒருமுறை நிறுத்தி அளந்து பாருங்கள். விளிம்பை மழுக்காமல் மட்டும் மாட்டாதீர்கள், ரிங் சிக்கி உடையும். தயவுசெய்து அந்த எண்களோடு வாருங்கள். வெட்டுவதற்கு முன்னால் வாருங்கள்.