குப்புற விழுவது முதல் நடப்பது வரை: முதல் ஆண்டில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கடலூரில் குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சையாளராகப் பணியாற்றும் என்னிடம் பெற்றோர் கொண்டுவரும் கேள்விகளில் பெரும்பாலானவை மாதக் கணக்கைப் பற்றியவை. "எட்டு மாசம் முடிஞ்சிடுச்சு மேடம், இன்னும் தவழல" என்பார் ஒரு தாய். "எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாசத்துலயே நடந்துடுச்சு" என்பார் உடன் வந்திருக்கும் மாமியார். இந்தக் கவலை இயல்பானதுதான். குழந்தை வாசற்படியைத் தாண்டிய அன்று இனிப்பு செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து மகிழும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கும்போது, தலை நிற்பதும் குப்புற விழுவதும் எழுந்து நிற்பதும் பெற்றோருக்கு எவ்வளவு பெரிய நிகழ்ச்சிகள் என்பதை நான் அறிவேன். ஆனால் குழந்தையைப் பரிசோதிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அந்தச் செயலைக் குழந்தை எவ்விதம் செய்கிறது என்பதைத்தான். மாதக் கணக்கு அதற்குப் பிறகே வருகிறது. இந்த வேறுபாடு தெரியாததால், கவலைப்படத் தேவையில்லாத இடத்தில் உறக்கம் இழந்தும், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய இடத்தில் பெருமைப்பட்டும் இருக்கும் குடும்பங்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன்.

மாதக் கணக்கைப் பற்றிய அச்சத்தை முதலில் போக்கிவிடுகிறேன். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்கு வளர்க்கப்பட்ட, உடல்நலம் உள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீடுகளின்படி, ஆதரவின்றி உட்காரும் திறன் ஏறத்தாழ 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். முட்டி போட்டுத் தவழ்வது 5 மாதத்திலிருந்து பதின்மூன்றரை மாதத்துக்குள் வரலாம். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை நீளலாம். அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்குச் சற்று அதிகமானோர் முட்டி போட்டுத் தவழாமலேயே நடையை எட்டினர். ஆகவே எட்டு மாதத்தில் தவழாத குழந்தை, நன்றாக உட்கார்ந்து, இரு கைகளாலும் பொருள்களை எடுத்து, முகம் பார்த்துச் சிரித்து விளையாடுமானால், எதிர்வீட்டுக் குழந்தையைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்கு உரியதாகச் சொல்லப்படும் செங்கீரைப் பருவத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் நிலையை அது குறிக்கிறது. மாதத்தைச் சொன்னதோடு நில்லாமல், கை எங்கே, கால் எங்கே, தலை எப்படி என்று உற்றுப் பார்த்த கண்கள் அவை. அந்தப் பார்வையைத்தான் இன்றைய பெற்றோரிடமும் நான் எதிர்பார்க்கிறேன்.

மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தந்தை, "இப்பவே கால ஊனி நிக்கிறான், அவ்வளவு பலம்" என்று மகிழ்ச்சியோடு சொல்வதைக் கேட்டால் நான் குழந்தையின் கால்களைக் கூர்ந்து பார்ப்பேன். அக்குளில் தாங்கிப் பிடித்தவுடன் இரு கால்களும் கம்பி போல விறைத்து, குதிகால் தரையைத் தொடாமல் நுனிவிரல்கள் மட்டும் ஊன்றி, கால்கள் ஒன்றன்மேல் ஒன்று கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் போகுமானால், அதற்குக் காரணம் பலமாக இராது. மூளையிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டுப்பாடு சரியாக அமையாததால் ஏற்படும் இறுக்கமாக இருக்கக்கூடும். இந்த இறுக்கத்தை முதலில் உணர்பவர் பெரும்பாலும் தாய்தான். இடுப்புத் துணி மாற்றும்போது தொடைகளை விரிக்க முடியவில்லை, குளிப்பாட்டும்போது உடம்பு வில்லாகப் பின்னோக்கி வளைகிறது, சட்டை போடும்போது கை மடங்க மறுக்கிறது என்றெல்லாம் அவர் சொல்வார். ஆனால் வீட்டில் வேறு யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். இதற்கு நேர்மாறாக, தூக்கும்போது கைகளிலிருந்து நழுவி விழுவது போலத் துவண்டு கிடக்கும் குழந்தையை, "சாது, தொந்தரவே இல்லை" என்று பாராட்டும் வீடுகளும் உண்டு. இரண்டையுமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கைகளைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தையின் விரல்கள் மூடியிருப்பது இயல்பு. மூன்று, நான்கு மாதங்களுக்குள் உள்ளங்கை பெரும்பாலான நேரம் திறந்திருக்க வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கிய முஷ்டி அதற்குப் பின்னும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். ஆறு மாதக் குழந்தை கிலுகிலுப்பையை எப்போதும் ஒரே கையால் எடுப்பதைப் பார்த்து, "வலது கைப் பழக்கம் இப்பவே வந்துடுச்சு" என்றோ, "தாத்தா மாதிரி இடது கை" என்றோ வீட்டார் முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் பிறந்த நாளுக்கு முன் குழந்தைக்குத் தெளிவான கைப் பழக்கம் உருவாவதில்லை. ஒரு கையை மட்டுமே நீட்டுகிறது என்றால், மறு கையில் என்ன குறை என்று தேட வேண்டும். தவழும்போது ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் வேலை செய்ய, மறு பக்கம் இழுபட்டு வருவதும் இத்தகைய அடையாளமே. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளில் சிலரை இந்த ஒரு குறிப்பை வைத்தே முதல் ஆண்டுக்குள் இனங்காண முடிகிறது. அப்போது தொடங்கும் பயிற்சி, பள்ளி வயதில் தொடங்குவதைவிட அதிகப் பயன் தருகிறது.

இயல்பாக வளரும் குழந்தைக்கும் சரி, உதவி தேவைப்படும் குழந்தைக்கும் சரி, அசைவுகள் உருவாகும் இடம் தரைதான். அந்தத் தரை நம் குழந்தைகளுக்கு இப்போது குறைந்துகொண்டே வருகிறது. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி மடியிலும் தூளியிலும் சாய்வு நாற்காலியிலும் கழிகிறது. இன்னும் நகரத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, நாள் முழுவதிலும் பிரித்துப் பிரித்து மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைக்க வேண்டும் என்றும், ஓரிடத்தில் கட்டுண்டாற்போல ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தன் கால்களின் மீது குப்புறக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் பாட்டிகள், அந்தப் பரிந்துரையின் ஒரு பகுதியை நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள். கழுத்தையும் தோளையும் உயர்த்தக் குழந்தை எடுக்கும் முதல் முயற்சிகள் அந்தக் கால்களின் மீதுதான் நிகழ்ந்தன. குளியலின் அந்தப் பகுதியை நான் மனமாரப் போற்றுகிறேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், மூக்கில் ஊதுவதையும், சாம்பிராணிப் புகை காட்டுவதையும் மட்டும் நிறுத்திவிடுங்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். உறங்கும்போது குழந்தை மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குப்புறக் கிடத்துவது விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கையில் மட்டுமே.

தரை என்றால் எந்தத் தரையும் பொருந்திவிடாது. மஞ்சக்குப்பத்திலும் முதலியார்பேட்டையிலும் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் வழுவழுப்பான டைல்ஸ் தரையில், முட்டி வழுக்கி, தவழ முயன்ற குழந்தை மறுபடியும் வயிற்றில் விழுகிறது. சில நாள்களில் முயற்சியையே விட்டுவிடுகிறது. ஒரு கோரைப்பாயை விரித்து, கால்சட்டையும் காலுறையும் இல்லாமல் விட்டால், முட்டிக்கும் விரல்களுக்கும் பிடிப்புக் கிடைக்கும். மெத்தைமீது விடுவது இதற்கு ஈடாகாது. அது உள்வாங்குவதால் கை ஊன்ற முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் பகுதியில் தரை ஈரமாகவே இருப்பதால் குழந்தைகள் வாரக்கணக்கில் கட்டிலிலேயே இருக்க நேர்கிறது. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்த நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோது, வீட்டுக்குள் நீர் புகுந்த குடும்பங்களுக்குத் தரை என்பதே இல்லாமல் போயிற்று. அத்தகைய நாள்களில் பெரியவர் மல்லாந்து படுத்துக் குழந்தையைத் தம் மார்பின் மீது குப்புறப் போட்டுக்கொண்டு பேச்சுக் கொடுத்தாலே போதும். முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே குழந்தை தலையைத் தூக்கும்.

உட்கார வைத்து ஓட்டும் சக்கர வாக்கரை வாங்க வேண்டாம் என்று யாரிடம் சொன்னாலும், "மாமா வீட்டுச் சீதனம்" என்ற பதில் வருகிறது. அதில் குழந்தை உண்மையில் நிற்பதில்லை. துணித் தொட்டிலில் தொங்கியபடி நுனிக்காலால் தரையை உந்துகிறது. சமநிலையைக் கற்கும் தேவையே அங்கு எழுவதில்லை. தட்டு மறைப்பதால் தன் பாதங்களையும் அதனால் பார்க்க முடியாது. வேகமாக உருண்டு படிகளில் கவிழ்வதும், அடுப்படியில் கொதிக்கும் பாத்திரத்தை எட்டிவிடுவதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்த ஆபத்துகளுக்காகவே கனடா 2004-இல் அதன் விற்பனையை முற்றாகத் தடை செய்தது. நம் திருவிழாக் கடைகளில் கிடைக்கும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. குழந்தை அதன் பின்னால் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, அதைத் தள்ளிக்கொண்டு நடக்கிறது. பொருள்களைப் பிடித்து எழுந்து நின்று பக்கவாட்டில் அடி வைக்கத் தொடங்கிய பிறகு, பெரியவர் உடனிருக்க அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் கணக்கைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். 40 வாரத்துக்குப் பதிலாக 32 வாரத்தில் பிறந்த குழந்தை இரண்டு மாதம் முன்னதாக வந்திருக்கிறது. எனவே பிறந்து ஆறு மாதமானாலும், வளர்ச்சியைப் பொறுத்தவரை அதற்கு நான்கு மாதம்தான். இரண்டு வயது வரை இவ்வாறு கணக்கிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தத் திருத்தம் பொருந்தாது. அதைப் பிறந்த தேதியின்படியே போட வேண்டும்.

காதும் பேச்சும் என் துறையைச் சேர்ந்தவை அல்ல என்றாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கதவு சாத்தும் ஓசைக்கும் பாத்திரம் விழும் ஓசைக்கும் திரும்பாத ஆறு மாதக் குழந்தைக்கும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத ஒரு வயதுக் குழந்தைக்கும் கேள்திறன் பரிசோதனை அவசியம். சோறு ஊட்டுவதற்காகச் செல்போனைக் கையில் கொடுக்கும் பழக்கம் இங்கே மிகுந்துவிட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை அறவே வேண்டாம்.

என்னை மிகவும் வருத்துவது, "அவங்க அப்பாவும் ரெண்டு வயசுலதான் நடந்தாரு" என்ற ஆறுதல். அன்பினால் சொல்லப்படும் இந்தச் சொல்லால் எத்தனையோ குழந்தைகள் பயனுள்ள மாதங்களை இழந்துவிடுகிறார்கள். நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை, பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வந்த திறன் மறைந்துபோவது, அதாவது உட்கார்ந்துகொண்டிருந்த குழந்தை சரியத் தொடங்குவது, சிரித்த குழந்தை சிரிப்பை விடுவது, எந்த வயதிலும் உடனே கவனிக்க வேண்டியது. இதனினும் அவசரமானது ஒன்று உண்டு. நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையிலான பருவத்தில், பெரும்பாலும் உறங்கி எழுந்தவுடன், குழந்தையின் தலை முன்னே கவிழ்ந்து, கைகள் விரிந்து, உடல் ஒரு கணம் மடங்கி, சில நொடிகள் விட்டு அதுவே மீண்டும் மீண்டும் வரிசையாக வந்தால், அதை வயிற்று வலி என்றோ, உரம் விழுந்தது என்றோ, திடுக்கிடல் என்றோ எண்ணி எண்ணெய் தடவி நாள் கடத்தக் கூடாது. அது மழலைப் பருவத்துக்கே உரிய ஒருவகை வலிப்பாக இருக்கலாம்; ஒவ்வொரு நாள் தாமதமும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

6, 10, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் தடுப்பூசிக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல், குழந்தையின் அசைவுகளைப் பற்றி மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒரு கேள்வியாவது கேளுங்கள். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளுக்கு மருத்துவக் குழுக்கள் வந்து குழந்தைகளைப் பார்க்கின்றன. மேல்பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் கட்டணமின்றிச் செயல்படுகின்றன. அருகில் எங்கே என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே சொல்வார்கள். பாகூர், அரியாங்குப்பம் பகுதியினர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தைகள் மருத்துவப் பிரிவையும் அணுகலாம். வரும்போது பிறப்பு எடையும் பிறந்த வாரமும் எழுதப்பட்ட மருத்துவமனைச் சீட்டையும், தாய் சேய் நல அட்டையையும் கொண்டுவாருங்கள். ஐயத்துக்குரிய அசைவைக் குழந்தையின் முழு உடலும் தெரியும்படி, போர்வையும் கையுறையும் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் ஒரு நிமிடமாவது செல்போனில் படம் பிடித்து வாருங்கள். புதிய இடத்தில் அழுதுகொண்டிருக்கும் குழந்தை, வீட்டில் செய்வதைப் பெரும்பாலும் எங்கள் முன் செய்து காட்டுவதில்லை.