ஸ்மீட் எழுதிய விதி

வாசகர் ஒருவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: "வண்டிகள் நிறைந்து கிடக்கும் பணக்கார நாடுகளில்தானே சாலை விபத்தில் சாவோர் அதிகமாக இருக்க வேண்டும்? வண்டியே அதிகம் இல்லாத ஏழை நாடுகளில் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்? இதையும் விதி என்றுதான் சொல்ல வேண்டுமா?"

அவருடைய வியப்பு நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். இவர்களில் 92 சதவீதத்தினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக வாகனங்களிலோ சுமார் 60 சதவீதம்தான் அந்த நாடுகளில் ஓடுகின்றன. மிகக் குறைந்த வருமான நாடுகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூடுகிறது. உலக வாகனங்களில் ஒரு சதவீதம்கூட அங்கே இல்லை. சாலை மரணங்களில் 13 சதவீதம் அங்கேதான் நிகழ்கிறது. அங்கே லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 21 பேர் சாலையில் இறக்கிறார்கள். பணக்கார நாடுகளில் 8 பேர்.

லட்சம் பேருக்கு எத்தனை மரணம் என்ற இந்த ஓர் எண், உண்மையில் இரண்டு எண்களின் பெருக்கல். முதலாவது, லட்சம் பேரிடம் எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்பது. இரண்டாவது, ஒரு வண்டிக்கு எத்தனை மரணம் என்பது. வருமானம் உயர உயர முதல் எண் ஏறும், இரண்டாவது இறங்கும். எது வேகமாக மாறுகிறதோ அதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

கற்பனையாக ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு 10 வண்டிகள். பத்தாயிரம் வண்டிகளுக்கு ஆண்டுக்கு 100 மரணம். லட்சம் பேரிடம் ஆயிரம் வண்டிகள் இருக்கும், ஆகவே லட்சத்துக்கு 10 பேர் இறப்பார்கள். கையில் கொஞ்சம் பணம் புழங்கத் தொடங்குகிறது. வண்டிகள் எட்டு மடங்காகி ஆயிரத்துக்கு 80 ஆகின்றன. சாலைகளும் ஓட்டுநர்களின் பழக்கமும் கொஞ்சம் மேம்பட்டு, பத்தாயிரம் வண்டிகளுக்கு மரணம் 25 ஆகக் குறைகிறது. நான்கில் ஒரு பங்காகக் குறைவது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் பெருக்கிப் பாருங்கள்: லட்சத்துக்கு 20 மரணம். ஒவ்வொரு வண்டியும் முன்பைவிடப் பாதுகாப்பாகிவிட்டது. நாடு இரண்டு மடங்கு ஆபத்தாகிவிட்டது.

எட்டு மடங்குக்கு நான்கில் ஒரு பங்கு என்ற எண்களை நான் தோன்றியபடி எழுதவில்லை. ஆர். ஜே. ஸ்மீட் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1949-ல் வெளியிட்ட சூத்திரம் சொல்லும் விகிதம் இது. 20 நாடுகளின் 1938-ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்து அவர் கண்டது: வண்டிகள் எட்டு மடங்கானால், ஒரு வண்டிக்கான மரணம் நான்கில் ஒன்றாகும், ஒரு மனிதருக்கான மரணம் இரண்டு மடங்காகும். சூத்திரத்தில் சாலையின் தரம் இல்லை, சட்டம் இல்லை, மருத்துவமனை இல்லை. மக்கள்தொகையும் வண்டிகளின் எண்ணிக்கையும் மட்டுமே உண்டு. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அது பல நாடுகளுக்குப் பெருமளவு பொருந்தியும் வந்தது.

அதனால்தான் அதற்கு ஸ்மீட் விதி என்று பெயர் நின்றது. தமிழில் இயற்கையின் ஒழுங்குக்கும் தலையெழுத்துக்கும் விதி என்று ஒரே சொல் இருக்கிறது. ஸ்மீட் இரண்டு பொருளிலும் அதை நம்பினார் போலும். போர்க்காலத்தில் அவரோடு பணியாற்றிய இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, ஒரு சமூகம் எவ்வளவு சாவைப் பொறுத்துக்கொள்ளுமோ அவ்வளவு சாவு நடந்தே தீரும் என்பது ஸ்மீடின் கருத்து.

நம் கற்பனை நாட்டை இன்னும் ஒரு படி ஏற்றுவோம். வண்டிகள் மறுபடி எட்டு மடங்காகி ஆயிரத்துக்கு 640. ஸ்மீட் விதிப்படி லட்சத்துக்கு 40 பேர் இறக்க வேண்டும். ஏறத்தாழ அந்த அளவு வண்டிகளோடு நெதர்லாந்து நம் கண்முன் இருக்கிறது. அங்கே லட்சத்துக்கு இறப்பவர்கள் சுமார் 4 பேர். சூத்திரம் பல மடங்கு தவறிவிட்டது.

அது தவறிப்போன கதையும் அழகானது. 1972-ல் நெதர்லாந்தில் சாலையில் இறந்தவர்கள் 3,200-க்கும் மேல், அதாவது லட்சத்துக்கு ஏறத்தாழ 24 பேர். இன்றைய மிக ஏழை நாடுகளின் சராசரியைவிட அது மோசம். அதற்கு முந்தைய ஆண்டில் இறந்தவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரில் பெற்றோர் திரண்டு தெருக்களை மறித்தார்கள். 1974-ல் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான அளவு வரம்பு வந்தது. 1975-ல் முன்னிருக்கைக்கு சீட் பெல்ட் கட்டாயம். குடியிருப்புத் தெருக்களில் வண்டி நடப்பவரின் வேகத்துக்கு இறங்கி வர வேண்டும் என்று சட்டமானது. அதன்பின் கார்களின் எண்ணிக்கை மூன்று மடங்கானது. மரணங்கள் ஆண்டுக்கு 700 அளவுக்குச் சரிந்தன. அந்த மக்கள் 'பொறுக்க முடியாது' என்று சொன்ன நாளில் ஸ்மீட் விதி உடைந்தது.

பொருளியலாளர்கள் கோபிட்ஸ், கிராப்பர் இருவரும் 88 நாடுகளின் 1963 முதல் 1999 வரையிலான கணக்கை ஆராய்ந்து 2005-ல் இதை வரைபடமாக்கினார்கள். வருமானத்தோடு சேர்ந்து மரண விகிதம் ஏறி, ஓரிடத்தில் முகடு தொட்டு, இறங்குகிறது. முகடு இருக்குமிடம் 1985-ஆம் ஆண்டு விலைமதிப்பில் தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 8,600 டாலர்.

அந்தக் குன்றின் ஏற்றம் ஏன் அவ்வளவு செங்குத்தானது என்பதைச் சாலையில் இறங்கிப் பார்த்தால்தான் புரியும். ஒரு குழந்தை சாலையின் குறுக்கே ஓடி வருகிறது. அருகருகே இரண்டு கார்கள், ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டரில், இன்னொன்று 60-ல். இரு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் குழந்தையைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது. இரண்டும் ஒரே தரமான பிரேக். முதல் கார் சுமார் 28 மீட்டரில், குழந்தையின் முன்னால் நின்றுவிடுகிறது. இரண்டாவது கார் அதே இடத்துக்கு வரும்போது என்ன வேகத்தில் இருக்கும்? பத்து கிலோமீட்டர் என்றுதான் மனம் சொல்லும். கணக்குப் போட்டால் விடை 40.

இதை முதன்முறை போட்டுப் பார்த்தபோது எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். தவறில்லை. ஓட்டுநரின் அந்த ஒரு விநாடியிலேயே இரண்டாவது கார் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அதிகம் ஓடிவிடுகிறது. அதைவிட முக்கியமானது இது: பிரேக் ஒவ்வொரு மீட்டரிலும் சம அளவு வேகத்தைக் குறைப்பதில்லை, சம அளவு ஆற்றலைத்தான் விழுங்குகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால் முதல் சில மீட்டர்களில் வேகம் மெதுவாகத்தான் குறையும். கடைசி மீட்டர்களில்தான் மளமளவென்று விழும். முதல் கார் நின்ற இடத்தில் இரண்டாவது கார் தன் ஆற்றலில் பாதிக்கும் மேல் இழந்துவிட்டது, ஆனால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான். 40 கிலோமீட்டரில் மோதுவது, ஆறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து கல்தரையில் விழுவதற்குச் சமம்.

ஒரு நாட்டுக்குப் பணம் வரத் தொடங்கியதும் முதலில் வருவது இந்த வேகம்தான். மண்பாதை தார்ச்சாலையாகிறது. 30-ல் போன வண்டி 80-ல் போகிறது. நடைமேடை, தடுப்பு, மேடாக்கிய கடவுப்பாதை, வேகத்தைக் கண்காணிக்கும் கேமரா, விபத்தில் இரத்தம் கொட்டுபவரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் எல்லாம் பல ஆண்டுகள் கழித்து வருகின்றன. அதுவரை நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் மோட்டார் சைக்கிள்காரரும் லாரியோடு அதே தாரைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உலகின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் உடலைச் சுற்றி இரும்புக் கூடு இல்லாத இவர்களுடையவைதான். வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே உள்ள இந்தத் தாமதம்தான் குன்றின் உயரம்.

குன்றைத் தாண்டிய நாட்டுக்குள்ளும் ஏழைக்கு இந்த இடைவெளி மறைவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் 2003 வரையிலான குழந்தை மரணங்களை ஆராய்ந்தபோது, பெற்றோர் நீண்டகாலம் வேலையின்றி இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் நடந்து செல்கையில் வண்டி மோதி இறக்கும் விகிதம், மிக உயர்ந்த பணியில் இருப்போரின் பிள்ளைகளைவிட சுமார் 20 மடங்கு இருந்தது. சட்டமும் மருத்துவமனையும் இரு தரப்புக்கும் ஒன்றே.

பணம் தானாகக் காப்பாற்றுவதும் இல்லை. எண்ணெய் வளத்தால் செழித்த சவூதி அரேபியாவில் 2016-ல் மரண விகிதம் லட்சத்துக்கு 25-ஐத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் 2007-ல் 41,000-க்கு மேல் இருந்த ஆண்டு மரணங்கள், பொருளாதாரம் சரிந்தபின் 2010-ல் ஏறத்தாழ 33,000 ஆகின. வருமானம் குறைந்த ஆண்டுகளில் உயிர்கள் தப்பின! லாரிகளின் ஓட்டம் குறைந்தது, இளைஞர்கள் வண்டியை எடுப்பது குறைந்தது.

ஆகவே, "முதலில் வளர்ந்துவிடுவோம், பாதுகாப்பு பின்னால் வரும்" என்ற பேச்சை நான் முற்றிலும் மறுக்கிறேன். ஆண்டுதோறும் மலேரியாவால் இறப்பவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர் சாலையில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். ஒரு நோய் இதைச் செய்திருந்தால் ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் கொட்டியிருக்கும். நல்ல ஆய்வுகளில் பெரும்பகுதி கார்கள் நிறைந்த நாடுகளில், காருக்குள் இருப்பவரைக் காப்பதற்காக நடந்தது. மோட்டார் சைக்கிளில் மூவராகப் போகும் குடும்பத்துக்கான ஆய்வுக்கும் அதே அக்கறையோடு நிதி ஒதுக்க வேண்டும்.

வியட்நாம் காத்திருக்கவில்லை. 2007 டிசம்பர் 15 அன்று, அந்நாடு இன்னும் குறைந்த வருமானப் பட்டியலில் இருந்தபோதே, மோட்டார் சைக்கிளில் செல்வோர் எல்லோருக்கும் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் கட்டாயமானது. சில வாரங்களுக்குள் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அணிந்துகொண்டார்கள். மரணங்கள் அடுத்த சில மாதங்களிலேயே குறைந்தன. குழந்தைகளின் தலை மட்டும் வெறுமையாகவே இருந்தது. கவசத்தின் கனம் பிள்ளையின் கழுத்தை முறித்துவிடும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கை பெற்றோரிடம் பரவியிருந்தது. சிறுவர்களுக்கு அபராதம் விதிக்கச் சட்டத்திலும் இடமில்லை. 2010-ல் அந்த ஓட்டையை அடைத்தார்கள்: ஆறு வயது நிரம்பிய பிள்ளையைக் கவசம் இல்லாமல் ஏற்றிச் சென்றால், ஓட்டும் பெரியவர் அபராதம் கட்ட வேண்டும்.