பச்சிளங்குழந்தைக்குத் தைக்கத் துணி வாங்கப் போகிறீர்களா?

வளைகாப்பு முடிந்த கையோடு என் தையல் கடைக்கு ஒரு பை வந்துவிடும். பெரும்பாலும் பாட்டியாகப் போகிறவர்தான் கொண்டுவருவார். பைக்குள் சாட்டின், நெட், முத்து கோத்த லேஸ், தங்க நிற பட்டன், சில நேரம் பட்டுப் பாவாடையில் மிஞ்சிய ஜரிகைத் துண்டு. எல்லாம் ஆசை ஆசையாக வாங்கியவை. அவற்றில் பாதிக்கு மேல், பிறந்த குழந்தையின் உடம்பில் படும்படி தைத்துத் தர மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. குழந்தை உடுப்பால் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு துணிக்கடையிலேயே தொடங்கிவிடுகிறது. எந்திரத்தில் ஏறிய பிறகு டெய்லரால் சரிசெய்ய முடிவது கொஞ்சம்தான். அதனால் கடைக்குக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள் என்று இதை எழுதுகிறேன்.

நம் ஊர் வெயிலுக்கு முதல் மூன்று மாதங்கள் மல்மல் போதும். மஸ்லின், 'வாயில்' (voile) எனப்படும் மெல்லிய பருத்தித் துணி இரண்டும் நல்லவை. பாப்ளின் கொஞ்சம் விறைப்பு; விரிப்புக்கும் தொப்பியின் வெளிப்பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். 'பேபி பிளாங்கெட்' என்று பளபளப்பான பையில் விற்கும் மொசுமொசு துணி பெரும்பாலும் பாலியஸ்டர். வியர்வையை உறிஞ்சாது, சூட்டை அடைத்து வைக்கும், வேர்க்குருவைக் கொண்டுவரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் பருத்தி ஃபிளானல் வாங்கலாம்; ஈரோட்டிலும் மதுரையிலும் அதற்கு வேலை இல்லை.

'பியூர் காட்டன்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பலாம், ஆனால் சோதித்துவிட்டு நம்புங்கள். துணியின் நீளவாட்டில் ஒரு நூலையும் குறுக்குவாட்டில் ஒரு நூலையும் உருவுங்கள். இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி அருகில் வைத்து, தனித்தனியாகக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரியும். விரலில் தேய்த்தால் சாம்பல் பொடிந்து போகும். பாலியஸ்டர் சுருங்கி உருகும். ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டு நூலையும் ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், பாவில் (நீளவாட்டு நூலில்) பருத்தியும் ஊடையில் (குறுக்குவாட்டு நூலில்) பாலியஸ்டரும் போட்ட துணி சந்தையில் நிறையவே இருக்கிறது. கையால் தடவிக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்தச் சோதனையில் அகப்படாத ஒன்று 'மூங்கில் துணி'. மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக்கிய ரேயான்தான் அதில் பெரும்பகுதி. ரேயானும் பருத்தியைப் போலவே எரியும். அதை மூங்கில் என்று மட்டும் எழுதி விற்கக் கூடாது, மூங்கிலிலிருந்து செய்த ரேயான் என்றே சொல்ல வேண்டும் என அமெரிக்க வர்த்தக ஆணையம் பல நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்திருக்கிறது. மென்மையான துணிதான், குறை சொல்லவில்லை. இயற்கைத் துணி என்ற பெயருக்காக மட்டும் இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

புதுத்துணியைத் துவைக்காமல் வெட்டவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தறியிலிருந்து வரும் கஞ்சி, சாயப்பட்டறையின் மிச்சம், சுருக்கம் விழாமலிருக்கப் பூசும் ஃபார்மால்டிஹைடு பிசின் எல்லாம் அதில் இருக்கலாம். ஜப்பானில் 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உடுப்பில் ஃபார்மால்டிஹைடு தென்படவே கூடாது என்பது சட்டம். துணியில் தீங்கான ரசாயனம் உண்டா என்று சோதித்துத் தரும் ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றிதழில் முதல் வகுப்பு என்பது மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கானது; மற்ற வகுப்புகளைவிடக் கடுமையானது. ஏற்றுமதித் துணியில் அந்தச் சீட்டு இருந்தால் எந்த வகுப்பு என்று பாருங்கள். வெட்டுத்துணியாக வாங்கும்போது சீட்டு எதுவும் வராது. அப்போது நம் கையில் இருப்பது தண்ணீரும் வெயிலும்தான். இரண்டு முறை அலசி, உதறிக் காயப்போடுங்கள். அடர்ந்த நிறமானால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால், வாயில் வைத்துச் சப்பும் குழந்தைக்கு அது வேண்டாம். புற்றுநோய்க்குக் காரணமாகும் வேதிப்பொருள்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடை செய்தது. தொடர்ந்து இந்தியாவும் 112 சாயங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது.

துவைப்பதால் இன்னொரு பயனும் உண்டு. துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைக் கோடிட்டு, துவைத்துக் காய்ந்தபின் அளந்து பாருங்கள். 47 இருந்தால் நூற்றுக்கு ஆறு சுருங்கியிருக்கிறது. பெரியவர்களின் சட்டையில் இது தெரியாமல் போகலாம், ஒரு சாண் துணியில் வெட்டும் கைக்குழியில் நன்றாகவே தெரியும்.

பனியன் துணி வாங்க திருப்பூர் காதர்பேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எடைக் கணக்கில்தான் பேசுவார்கள். 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடை. அகலம் ஒன்றரை மீட்டர் இருந்தால் ஒரு மீட்டர் நீளம் 270 கிராம் வரும். ஒரு கிலோவுக்கு மூன்றேமுக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். கைக்குழந்தைக்கு 140 முதல் 180 வரை போதும். 'செகண்ட்ஸ்' என்று விற்பதில் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை இருக்கும். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்குங்கள். எந்திரம் துடைக்க விற்கும் பனியன் வேஸ்ட்டை நாப்பிக்காக வாங்கிச் செல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் பசையும் போன பருத்திப் புடவைக்கும் வேட்டிக்கும் ஈடான புதுத்துணி எந்தக் கடையிலும் கிடையாது. ஆனால் அந்தப் புடவை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். டிரங்குப் பெட்டியிலிருந்தோ பீரோவின் அடித்தட்டிலிருந்தோ வந்தால், கூடவே பாச்சை உருண்டை வாசமும் வரும். அந்த உருண்டை நாஃப்தலீனால் ஆனதாக இருக்கலாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரும். உருண்டை வைத்த துணியை உடுத்தியே பச்சிளங்குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நம் குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா இல்லையா என்பது பிறக்கும்போது பார்த்தால் தெரியாது. அதனால் பாச்சை உருண்டை வாசம் வரும் துணியை நான் மேசையிலேயே ஏற்றுவதில்லை. துவைத்தால் போய்விடும் என்று பாட்டிமார்கள் வாதிடுவார்கள். அந்த நம்பிக்கையில் குழந்தையை வைக்க எனக்கு மனமில்லை. தினமும் உடுத்தித் துவைத்த புடவை வீட்டில் ஒன்றாவது இருக்கும். அதைக் கொடுங்கள்.

இனி பட்டன். பல் முளைக்கும் வயதில் குழந்தை முதலில் கடிப்பது தன் சட்டையைத்தான். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொருளில் எது தொண்டையை அடைக்கும் என்று பார்க்க அமெரிக்காவில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் ஆபத்து என்பது கணக்கு. நாம் வாங்கும் முத்து பட்டன், மணி, ஜமிக்கி எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். பிறந்த குழந்தைக்கு நாடா வைத்த ஜப்லாதான் என் தேர்வு. அந்த நாடாவையும் அதே துணியிலேயே தைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் இல்லாமல் மார்பின் பக்கவாட்டில் வரட்டும். முடிச்சுப் போட்டபின் மிஞ்சும் முனை குழந்தையின் கழுத்தைச் சுற்றும் அளவுக்கு நீளக் கூடாது. டிச் பட்டன் வைக்க விரும்பினால் நிக்கல் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். ஒற்றை மல்மலில் டிச் பட்டனை அடித்தால் நாலு துவைப்பில் துணியோடு பிய்ந்து வரும். உள்ளே இரண்டு மடிப்புப் பட்டி கொடுத்து அடித்து, கட்டைவிரலால் பலமாக இழுத்துப் பார்த்த பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வெல்க்ரோ, நைலான் லேஸ், எம்பிராய்டரிக்கு அடியில் ஒட்டும் கேன்வாஸ் மூன்றும் தோலை உரசும். உங்கள் உள்மணிக்கட்டில் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியிருக்காது.

பாட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைந்த தாள், வாங்குவது பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். இணையத்தில் காசு கொடுத்து பிடிஎஃப் வாங்குகிறார்கள். பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுக்கிறார்கள். உடுப்பு சின்னதாகிவிட்டது என்று வருகிறார்கள். பிரிண்ட் கொடுக்கும்போது கணினி தானாகவே பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கிவிடும். நூறு சதவீத அளவில் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் தாளில் சோதனைச் சதுரம் ஒன்று இருக்கும். ஸ்கேலை வைத்து அளந்து, சரியாக இருந்தால் மட்டும் மீதித் தாள்களை எடுங்கள். அடுத்தது, தையலுக்கான துணி சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். பர்டா என்ற ஜெர்மன் தையல் இதழின் பாட்டர்னில் அது இருக்காது, நாமே விட்டு வெட்ட வேண்டும். அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் உறையில் போட்டு விற்கும் பாட்டர்ன்களில் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் சேர்ந்தே வரும்.

அளவு எண்ணும் குழப்பும். ஐரோப்பிய பாட்டர்னில் 50, 56, 62 என்பது குழந்தையின் நீளம், சென்டிமீட்டரில். அமெரிக்க பாட்டர்னில் மாதக்கணக்கு போட்டிருக்கும். அந்த மாதக்கணக்கை அப்படியே எடுத்தால், இரண்டரை மூன்று கிலோவில் பிறக்கும் நம் குழந்தைகளுக்குத் தோள் வழிந்து நிற்கும். மாதத்தை மறந்துவிட்டு மார்புச் சுற்றையும் நீளத்தையும் பாருங்கள். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று 34 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆறு மாதத்தில் 42, 43 ஆகிவிடும். இழுபடாத துணியில் முன்பக்கமோ தோளிலோ திறப்பு இல்லாத கழுத்து எந்த பாட்டர்னில் இருந்தாலும் அதை வாங்காதீர்கள். ஜப்லா மட்டும் தைப்பதென்றால் காசே செலவழிக்க வேண்டாம். அளவு சரியாக உள்ள பழைய ஜப்லாவைத் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள்.

தலையணை, தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தை, தடித்த ரஜாய் இவற்றுக்கு ஆர்டர் வந்தால் மறுத்துவிடுகிறேன். தூங்கும் குழந்தையின் மூக்கை அடைக்கக்கூடியவை இவை. தொட்டில் ஓர மெத்தைகளின் விற்பனையையே அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டு நிறுத்தியது. கழுத்தில் கட்டும் பிப்பும் பால் குடிக்கும் நேரத்துக்கு மட்டும். தூங்கும்போது அவிழ்த்துவிட வேண்டும்.

எவ்வளவு வாங்கலாம்? 44 இன்ச் அகல மல்மலில், துவைத்துச் சுருங்கியபின், ஒரு மீட்டருக்குக் கையோடு சேர்த்து வெட்டும் ஜப்லா மூன்று வரும், கையில்லாதது நான்கு. முதல் மாதத்துக்கு மூன்று மீட்டர் தாராளம். மீதியை அளவு மாறியபின் வாங்கிக்கொள்ளலாம், கடை எங்கும் போய்விடாது. மெல்லிய துணிக்கு 11-ஆம் எண் ஊசி, பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி. ஓவர்லாக் பிசிறு உள்ளே உறுத்தினால், தையலை வெளிப்பக்கம் வரும்படி தைக்கச் சொல்லுங்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும் என்று டெய்லர் சொன்னாலும் பிடிவாதமாக நில்லுங்கள்.