எலியும் சக்கரமும் ஓய்வு பெற்ற அப்பாவும்

"அப்பா மே மாதம் ரிடையர் ஆனார். ஜூலையில் கும்பகோணம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சென்னையில் எங்களோடு வந்து இருக்கிறார். வேளைக்குச் சாப்பாடு, ஏசி ரூம், கொஞ்சப் பேரன். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பேச்செடுத்தால் பழைய ஆபீஸ், பழைய தெரு. பேப்பரைக்கூடப் பிரிப்பதில்லை. இது டிப்ரஷனா, வயசா, இல்லை அத்தை சொல்வதுபோல ஃபிளாட்டின் வாஸ்துவா?"

வாசகி ஒருவரின் கடிதம் இது. வாஸ்துவுக்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு நோயைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அவர் எழுதியிருப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு: அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர். தமிழில் தகவமைவுக் கோளாறு என்கிறார்கள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நான்காவதாக வருகிறவர் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பாரே, அந்த அட்ஜஸ்ட்தான். இங்கே நாம் நகரவே முடியாமல் மாட்டிக்கொள்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதற்கு இரண்டு அடையாளம் சொல்கிறது. நடந்த மாற்றத்தையே மனம் சுற்றிச் சுற்றி வரும். அதனால் வீடு, வேலை, பழக்கவழக்கம் என்று அன்றாடம் குலையும். வழக்கமாக மாற்றம் நடந்து ஒரு மாதத்துக்குள் தொடங்கும். அந்த நெருக்கடி நீடித்தால் ஒழிய, 6 மாதத்துக்குள் அடங்கிவிடும். அறிகுறிகள் இதைத் தாண்டி முழு மனச்சோர்வாக முற்றியிருந்தால் பெயரும் சிகிச்சையும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் டாக்டர் வேண்டும்.

'ஓய்வு நல்ல விஷயம்தானே?' என்று கேட்கலாம். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100. வேலை பறிபோவதற்கு 47, கல்யாணத்துக்கு 50! பணி ஓய்வு 45, வீடு மாறுவது 20. நல்லதோ கெட்டதோ, புதிதாகப் பழக வேண்டியிருந்தால் அது பாரம்தான் என்பது அவர்கள் கணக்கு. 1984-இல் நம் நாட்டுக்கென்று 51 நிகழ்வுகளோடு ஒரு பட்டியல் வந்தது. அதில் மகள் அல்லது தங்கையின் கல்யாணமும் உண்டு. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மன அழுத்தம் வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியை உசுப்பும், அது அட்ரினலை உசுப்பும், கார்ட்டிசால் சுரக்கும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஒரே மாதிரி அழுத்தத்தில் ஒருவர் ஏன் முடங்குகிறார், இன்னொருவர் ஏன் முடங்குவதில்லை? சுவாரசியமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு எலிகள், இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னச் சக்கரம். இரண்டின் வாலிலும் ஒரே நேரத்தில் லேசான மின்னதிர்ச்சி. முதல் எலி சக்கரத்தைச் சுழற்றினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாவது எலியின் சக்கரம் சும்மா, எதனோடும் இணைப்பில்லை. ஆக, இரண்டும் பட்ட அடி இம்மி பிசகாமல் ஒன்று. மறுநாள் தப்பிக்க வழியுள்ள வேறொரு பெட்டியில் விட்டால், முதல் எலி சாதாரணமாகத் தப்பிக்கிறது. இரண்டாவது முடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டீவன் மேயரும் மார்ட்டின் செலிக்மேனும் 1967-இல் நாய்களிடம் முதலில் இதைப் பார்த்தபோது, "என்ன செய்தும் பயனில்லை என்று அது கற்றுக்கொண்டுவிட்டது" என்று விளக்கினார்கள். கற்ற கையறுநிலை என்று அது பாடப்புத்தகம் ஏறியது. ஆனால் மேயர் விடவில்லை. எலியின் மூளைக்குள் பல வருஷம் துழாவி, கடைசியில் தன் விளக்கத்தையே தலைகீழாகத் திருப்பினார்.

மூளைத் தண்டில் டார்சல் ராஃபே என்று ஒரு சின்னப் பகுதி. செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மூலம் செய்தி அனுப்பும் செல்கள் அங்கே இருக்கின்றன. நீடித்த துன்பம் வந்தால் அவை தாமாகவே பொங்கும், உயிர் முடங்கும். இதை யாரும் கற்கத் தேவையில்லை. நெற்றிக்குப் பின்னால், முன்மூளையின் நடுப்பகுதியில் ஒரு மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறார். 'நான் செய்தது பலித்தது' என்று அவருக்குத் தெரிந்தால், கீழே பொங்குகிறவர்களை 'சும்மா இருங்கப்பா' என்று அடக்குகிறார். அந்த மேஸ்திரியை மருந்தால் தூங்க வைத்துவிட்டு முதல் எலியைச் சக்கரம் சுழற்ற விட்டார்கள். ஒழுங்காகத்தான் சுழற்றியது, அதிர்ச்சியும் நின்றது. ஆனால் மறுநாள் முடங்கிக் கிடந்தது! எதுவும் தன் கையில் இல்லாத இரண்டாவது எலியின் மேஸ்திரியை மருந்தால் எழுப்பிவிட்டபோது, அது முடங்கவில்லை. 2005-இலும் 2008-இலும் இந்த முடிவுகள் வெளியாயின. 2016-இல் மேயரும் செலிக்மேனும் சேர்ந்தே எழுதினார்கள்: கையறுநிலைதான் மூளையின் இயல்பு, கற்கப்படுவது 'நிலைமை என் கையில் இருக்கிறது' என்பது. ஐம்பது வருஷப் புகழ்பெற்ற தன் விளக்கத்தைத் தானே திருத்தி எழுதுகிற மனிதர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எலியிலிருந்து கும்பகோணத்து அப்பாவுக்குத் தாவுவது பெரிய தாவல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தகவமைவுக் கோளாறுக்கு மனிதர்களிடம் பலன் காட்டியிருக்கும் சிகிச்சைகளில் ஒன்று, 'பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை'. பெரிய மலையை உடைத்து, இந்த வாரம் கைக்கு எட்டுகிற ஒரு கல்லை மட்டும் நகர்த்தப் பழக்குவது. இந்தக் கோளாறால் விடுப்பில் இருந்த ஊழியர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2012-ஆம் ஆண்டு அறிக்கையில், இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட சுமார் 17 நாள் முன்னதாகவே பகுதி நேர வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். இதற்கென்றே தனி மாத்திரை எதுவும் கிடையாது. தூக்கத்துக்குச் சில நாள் மருந்து தருவார்கள், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும்.

இப்போது வாஸ்து. பெரும்பாலும் தானாகவே ஆறு மாதத்தில் அடங்குகிற ஒன்றுக்கு நான்காவது மாதத்தில் எதைச் செய்தாலும் பலிக்கும். கட்டிலைத் திருப்பிப் போட்டாலும் பலிக்கும், தாயத்து கட்டினாலும் பலிக்கும். பெயர் தட்டிக்கொண்டு போவது வாஸ்துக்காரர். பாதிப் பேருக்குச் சிகிச்சை, பாதிப் பேருக்கு வெறும் காத்திருப்பு என்று பிரித்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். அதற்குக் காசு போடத்தான் ஆள் குறைவு. தானே அடங்குகிற கோளாறில் எந்த மருந்துக் கம்பெனிக்கு அக்கறை? அரசு போடலாம். மனநலத்துக்கு நம் ஊரில் ஒதுக்கும் தொகையைப் பார்த்தால் எனக்கே தூக்கம் போய்விடுகிறது.

'தானே அடங்கும்' என்பதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாத ஒரு கட்டம் உண்டு. "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கோளாறில் தற்கொலை எண்ணம் வருவது நிஜம். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள்.

வாசகிக்குப் பதில் எழுதும்போது இதையெல்லாம் சொல்லி, டாக்டரிடமும் அழைத்துப் போகச் சொன்னேன். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: உங்கள் வீட்டில் அப்பா முடிவு செய்கிற விஷயம் எது? மூன்றாம் நாள் பதில் வந்தது. "யோசித்துப் பார்த்தேன் சார். காய் வாங்கக்கூட விடவில்லை, வெயில் என்று. டிவி ரிமோட்டே பையன் கையில்தான் இருக்கிறது."